மஞ்சளுக்கு உரிமை கொண்டாடிய மாநிலம்

அமெரிக்காவின் மத்திய மேற்கிலுள்ள விஸ்கான்சின் மாநிலத்தைப் பற்றி வேடிக்கைக் கதை சொல்ல உட்காருகிறவர் யாரும் மார்ஜரினைத் தொடாமல் எழுந்திருப்பதில்லை. 1950களிலும் 60களிலும் அந்த மாநிலத்துக் குடும்பங்கள் காரை எடுத்துக்கொண்டு தெற்கே இல்லினாய் எல்லையைத் தாண்டிப் போவார்கள். எல்லையோரப் பெட்ரோல் நிலையங்களிலும் மளிகைக் கடைகளிலும் மஞ்சள் மார்ஜரினைப் பெட்டி பெட்டியாக வாங்கி, அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் சேர்த்து டிக்கியில் அடுக்கிக்கொண்டு திரும்புவார்கள். சொந்த மாநிலத்தில் அதை விற்கத் தடை. வெள்ளை மார்ஜரின் விற்கலாம், மஞ்சள் மட்டும் கூடாது. 1895இல் வந்த இந்தத் தடை 1967 வரை, எழுபத்திரண்டு ஆண்டுகள் நீடித்தது. அமெரிக்காவில் இப்படியொரு தடையைக் கடைசியாகக் கைவிட்ட மாநிலம் விஸ்கான்சின்தான். கேட்பவர்கள் சிரிப்பார்கள், பால்காரர்களின் பிடிவாதம், பட்டிக்காட்டுத்தனம் என்று ஒரு முத்திரை குத்திவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுவார்கள். அந்த முத்திரைதான் எனக்கு உறுத்தலாக இருக்கிறது. இந்தச் சட்டம் அசட்டுத்தனத்தில் பிறந்ததன்று. தனக்கு எது லாபம் என்பதைத் துல்லியமாக அறிந்த ஒரு தொழில், ஒரு நிறத்தைத் தன் பெயருக்குப் பட்டா போட்டுக்கொண்ட கதை இது. பட்டாவுக்கான செலவைக் கொடுத்தவர்கள் வேறு ஆட்கள். கதை வேடிக்கையாகச் சொல்லப்படும்போது அவர்கள்தான் முதலில் காணாமல் போகிறார்கள்.

விஸ்கான்சின் தொடக்கத்திலிருந்தே பால் மாநிலமாக இருக்கவில்லை. 1860இல் அது கோதுமை மாநிலம். கோதுமை விளைச்சலில் இல்லினாய்க்கு அடுத்தபடியாக நாட்டிலேயே இரண்டாம் இடம். ஒரே பயிரை ஆண்டுதோறும் போட்டு மண்ணைச் சக்கையாக்கினார்கள். சிஞ்ச் என்னும் பூச்சி வந்து மிச்சத்தைத் தின்றது. மேற்கே புதிய நிலங்கள் திறந்துவிடப்பட, அங்கிருந்து மலிவான கோதுமை இறங்கியது. இரண்டு தலைமுறைக்குள் அந்த மாநிலத்து உழவர்கள் கலப்பையிலிருந்து கறவைக்கு மாற வேண்டியதாயிற்று. சொல்வதற்கு எளிது. மாடு வாங்க வேண்டும், தொழுவம் கட்ட வேண்டும், பனிக்காலம் முழுவதற்கும் தீவனம் சேர்க்க வேண்டும், வருடத்தில் ஒரு நாளும் விடாமல் இரண்டு வேளை கறக்க வேண்டும். கோதுமை போட்டவனுக்கு ஓய்வுக்காலம் உண்டு, மாடு வைத்திருப்பவனுக்குக் கிடையாது. இந்த மாற்றத்தை ஊர் ஊராகப் பிரசாரம் செய்தவர் வில்லியம் டெம்ப்ஸ்டர் ஹோர்ட். 1872இல் விஸ்கான்சின் பால் பண்ணையாளர் சங்கம் உருவாகக் காரணமானவர்களில் ஒருவர். 1885இல் ‘ஹோர்ட்ஸ் டெய்ரிமேன்’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார். 1889இல் மாநில ஆளுநரானார். அவருக்கு மேடிசன் நகரப் பல்கலைக்கழக வளாகத்தில் சிலை இருக்கிறது. செய்தவர், பிற்பாடு ரஷ்மோர் மலையில் ஜனாதிபதிகளின் முகங்களைச் செதுக்கிய அதே கட்ஸன் போர்க்லம். மாடு வளர்க்கச் சொன்னவருக்கு எத்தனை மரியாதை என்பதற்கு இது ஓர் அளவு. இவ்வளவு பாடுபட்டு எழுப்பிய தொழிலின் வாசலில்தான் மார்ஜரின் வந்து நின்றது.

அது பிரான்சில் பிறந்த பண்டம். கெட்டுப்போகாத, மலிவான வெண்ணெய் மாற்று ஒன்றைக் கண்டுபிடிப்பவருக்குப் பரிசு என்று மூன்றாம் நெப்போலியன் அறிவிக்க, 1869இல் இப்போலித் மேஜ்-மூரியே என்ற வேதியியலாளர் மாட்டுக் கொழுப்பை உருக்கிப் பிரித்துப் பாலோடு கடைந்து அதைச் செய்தார். அமெரிக்காவுக்கு அது வந்து சேர்ந்தபோது சிகாகோவில் பெரும் இறைச்சிக் கூடங்கள் தலையெடுத்துக்கொண்டிருந்தன. கொழுப்புக்கு அங்கே பஞ்சமில்லை. விஸ்கான்சின் பண்ணையாளரின் கண்ணில், பக்கத்து மாநிலத்துக் கசாப்புக் கம்பெனி தன் கழிவை வெண்ணெய் என்று சொல்லி விற்கிறது. இந்தக் கோபம் கற்பனையில் எழுந்ததன்று. 1880களில் கடைக்காரர்கள் மார்ஜரினை வெண்ணெய்த் தொட்டிக்கு மாற்றி வெண்ணெய் விலைக்கு விற்றது நிஜமாகவே நடந்தது. அந்த மாநிலத்தின் சீஸும் அதே காலத்தில் பெயர் கெட்டது. பாலிலிருந்து ஆடையை எடுத்துவிட்டுப் பன்றிக் கொழுப்பைச் சேர்த்த போலி சீஸை ஏற்றுமதி செய்து, வெளிநாட்டுச் சந்தையில் விஸ்கான்சின் என்ற பெயரையே சந்தேகத்துக்கு ஆளாக்கியவர்கள் உள்ளூர்க்காரர்கள்தான். ஆக, ஏமாற்று நடந்தது, அதைத் தடுக்கச் சட்டம் தேவைப்பட்டது. இதில் எனக்கு மறுப்பில்லை. 1881இலேயே விஸ்கான்சின், மார்ஜரின் பொட்டலத்தில் அது மார்ஜரின் என்று குறிக்க வேண்டும் எனச் சட்டம் போட்டது. அது நியாயமான சட்டம். என் கேள்வி அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றியது.

வெண்ணெய்க்கு மஞ்சள் இயற்கை நிறம்தானே, அதைக் காப்பாற்றுவதில் என்ன தவறு என்று கேட்கலாம். இங்கேதான் கதையின் முடிச்சு இருக்கிறது. பசும்புல் மேய்ந்த மாட்டின் வெண்ணெய் மஞ்சளாக இருக்கும். தொழுவத்தில் கட்டிவைத்து வைக்கோல் போட்ட மாட்டின் வெண்ணெய் ஏறக்குறைய வெள்ளை. விஸ்கான்சினில் பனிக்காலம் நீளமானது. பனிக்கால வெண்ணெயின் வெளுப்பை மறைக்கப் பண்ணைகளும் வெண்ணெய்க் கூடங்களும் கேரட் சாற்றையும், பிறகு அன்னாட்டோ என்னும் செம்மஞ்சள் விதைச் சாயத்தையும் கலந்துவந்தன. வெளுத்த வெண்ணெய் மட்டமானது என்பது வாங்குபவர் எண்ணம். அந்த எண்ணத்தை ஏய்க்கத்தான் சாயம். அதாவது மார்ஜரின்காரர் செய்த அதே காரியம், அதே காரணத்துக்காக, பெரும்பாலும் அதே விதையைக் கொண்டு. 1886இல் கூட்டாட்சி அரசு மார்ஜரின் மீது வரி போட்டபோது, சட்டத்தில் முதல் வேலையாக வெண்ணெய் என்றால் என்ன என்று வரையறுத்தார்கள். பாலிலிருந்தோ ஆடையிலிருந்தோ செய்யப்பட்டது. உப்பு சேர்த்திருக்கலாம், சேர்க்காமலும் இருக்கலாம். நிறம் ஏற்றியிருக்கலாம், ஏற்றாமலும் இருக்கலாம். அந்தக் கடைசிப் பிரிவு போதும். சாயம் பூசிய வெண்ணெய் வெண்ணெய்தான். சாயம் பூசிய மார்ஜரின் மோசடி. பவுண்டுக்கு 2 சென்ட் வரி. தயாரிப்பாளருக்கு ஆண்டுக்கு 600 டாலர், மொத்த வியாபாரிக்கு 480, சில்லறைக் கடைக்காரருக்கு 48 டாலர் உரிமக் கட்டணம். காங்கிரஸ் அவையில் இதற்காகப் பேசியவர்களில் ராபர்ட் லா ஃபாலெட்டும் ஒருவர். பெருமுதலாளிகளின் எதிரி என்று பின்னாளில் புகழ்பெற்ற விஸ்கான்சின்காரர். இங்கேயும் அவர் சிகாகோ இறைச்சி முதலாளிகளை எதிர்ப்பதாகத்தான் நம்பியிருப்பார்.

வரி போதவில்லை. மாநிலங்கள் தங்கள் பங்குக்கு இறங்கின. நியூ ஹாம்ப்ஷயர் உள்ளிட்ட சில மாநிலங்கள் மார்ஜரினுக்கு இளஞ்சிவப்புச் சாயம் ஏற்றித்தான் விற்க வேண்டும் என்று ஆணையிட்டன. ரொட்டியில் ரோஜா நிறக் கொழுப்பைத் தடவித் தின்ன யாருக்கு மனம் வரும்? 1898இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. வாங்கவே முடியாதபடி அருவருப்பாக்குவது தடை செய்வதற்குச் சமம் என்பது அதன் முடிவு. ஆனால் அதே நீதிமன்றம் 1894இல், மஞ்சள் மார்ஜரினைத் தடைசெய்த மாசசூசெட்ஸ் சட்டத்தை ஏற்றுக்கொண்டிருந்தது. மறு ஆண்டே விஸ்கான்சின் தன் சட்டத்தை இயற்றியது. தற்செயலாக இருக்கலாம், எனக்கு அப்படித் தோன்றவில்லை. எது நீதிமன்றத்தில் நிற்கும் என்று பார்த்து அடி எடுத்துவைத்திருக்கிறார்கள். மார்ஜரினை முழுதாக ஒழிக்கவும் ஒருமுறை முயன்றார்கள். 1925இல் வந்த அந்தச் சட்டத்தை 1927இல் மாநில உச்ச நீதிமன்றமே செல்லாததாக்கியது. நிறத்தடை மட்டும் எல்லா வழக்கையும் தாண்டி நின்றது. பொருளைத் தடுப்பதாக வெளியே தெரியாமல் பொருளைத் தடுப்பதற்கு அதைவிடச் சிக்கனமான வழி கிடையாது.

1902இல் கூட்டாட்சி வரியும் அந்த வழிக்கே வந்தது. நிறமேற்றிய மார்ஜரினுக்குப் பவுண்டுக்கு 10 சென்ட், ஏற்றாததற்குக் கால் சென்ட். தயாரிப்பாளர்கள் வெள்ளைக் கட்டியோடு ஒரு சிறு சாயப் பொட்டலத்தையோ குப்பியையோ சேர்த்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய், கட்டி இளகும்வரை காத்திருந்து, சாயத்தைக் கொட்டிப் பிசைய வேண்டும். பிற்காலத்தில் சாய மணியைப் பைக்குள்ளேயே வைத்து விற்றார்கள். பையோடு சேர்த்து உருட்டி அமுக்கிப் பிசைவது பிள்ளைகளின் வேலையாயிற்று. இன்றைய நினைவுக் கட்டுரைகளில் இது ஒரு விளையாட்டாகவே வருகிறது. அதைச் செய்த வீடுகள் எவை என்பதைக் கவனிக்க வேண்டும். மார்ஜரின் வாங்கியது விலைக்காக. வெண்ணெயின் விலையில் பாதிக்கும் கீழே கிடைத்த காலம் உண்டு. வெண்ணெய் வாங்க முடிந்தவர் வெண்ணெய் வாங்கினார். முடியாதவர் கூடுதல் வரி கொடுத்தார், அல்லது கூடுதல் உழைப்பைக் கொடுத்தார். மில்வாக்கியின் தொழிற்சாலைத் தெருக்களில் வாழ்ந்த கூலித் தொழிலாளியின் மனைவி, கிராமத்துப் பண்ணையின் வருமானத்துக்காகச் சமையலறையில் நின்று வெள்ளைக் கொழுப்பைப் பிசைந்தாள் என்று சொன்னால் கதையின் சிரிப்பு கொஞ்சம் குறையும். மேசையில் வெள்ளைக் கொழுப்பை வைத்தால் விருந்தாளிக்குக் குடும்பத்தின் நிலைமை தெரிந்துவிடும் என்ற கூச்சமும் அந்தப் பிசைதலுக்குள் இருந்தது. சட்டம் அந்தக் கூச்சத்தை நம்பித்தான் பிழைத்தது.

இதற்குச் சொல்லப்படும் முதல் மறுப்பு, நிறம் இல்லாமல் ஏமாற்றை எப்படிப் பிடிப்பது என்பது. கடையில் வெட்டி நிறுத்து விற்ற காலத்தில் இது வலுவான கேள்வி. பொட்டலம் வந்த பிறகு, கலப்படத் தடைச் சட்டம் 1906இல் வந்த பிறகு, அதன் வலு ஆண்டுக்காண்டு குறைந்தது. வேறு வழிகளும் இருந்தன. நம் நாட்டிலும் வனஸ்பதி நெய்யோடு கலக்கப்பட்டபோது, அதற்கு நிறமேற்ற வேண்டும் என்ற கோரிக்கை பலமாக எழுந்தது. கடைசியில் இந்திய விதிகள் பிடித்துக்கொண்டது வேறொன்றை: வனஸ்பதியில் குறைந்தது 5 விழுக்காடு நல்லெண்ணெய் இருக்க வேண்டும். உண்பவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆய்வுக்கூடத்தில் அமிலமும் ஃபர்ஃபுராலும் சேர்த்தால் நல்லெண்ணெய் சிவக்கும், நெய்யில் கலந்த வனஸ்பதி மாட்டிக்கொள்ளும். நெய்க்காரருக்குப் பாதுகாப்பு, வனஸ்பதி வாங்கும் ஏழைக்கு அவமானமில்லை. அமெரிக்காவே 1950இல், ஜனாதிபதி ட்ரூமன் கையெழுத்தில் கூட்டாட்சி வரியை நீக்கியபோது, உணவகங்களில் மஞ்சள் மார்ஜரினைப் பரிமாறினால் பெயர்ச்சீட்டு வைக்க வேண்டும், இல்லையென்றால் முக்கோணத் துண்டாக வெட்டி வைக்க வேண்டும் என்று விதித்தது. முக்கோணம் சற்றுச் சிரிப்பூட்டுகிறதுதான். ஆனாலும் ஏமாற்றைத் தடுப்பதுதான் நோக்கமென்றால் அது போதும். விஸ்கான்சினுக்கு அது போதவில்லை. இன்னும் பதினேழு ஆண்டுகள் தடையைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஏமாற்று என்ற காரணம் கழன்று விழுந்த பிறகும் நின்ற சட்டம், அந்தக் காரணத்தின் மேல் நிற்கவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

இரண்டாவது மறுப்பு இன்றைய வாசகரிடமிருந்து வரும். மார்ஜரின் உடம்புக்குக் கேடு என்று பால்காரர்கள் அன்றே சொன்னார்களே, டிரான்ஸ் கொழுப்பைப் பற்றி அறிவியல் பின்னால் அதைத்தானே சொன்னது? பகுதி ஹைட்ரஜனேற்றம் செய்த எண்ணெய்கள் பாதுகாப்பானவை அல்ல என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2015இல் முடிவெடுத்தது உண்மை. ஆனால் பால்காரர்கள் குறை சொன்னது 1880களின் மாட்டுக்கொழுப்பு மார்ஜரினை; டிரான்ஸ் கொழுப்புச் சிக்கல் பிற்கால எண்ணெய்களுடையது. தவிரவும், அந்தச் சட்டம் தடுத்தது நிறத்தை. அதே கொழுப்பை வெள்ளையாக எத்தனை பவுண்டு வேண்டுமானாலும் விற்கலாம். நஞ்சு என்று நம்பிய ஒன்றைச் சாயமில்லாமல் விற்க யார் அனுமதிப்பார்கள்? உடல்நலத்தில் இவர்களுக்கு எவ்வளவு அக்கறை என்பதற்குப் பக்கத்து மாநிலமான அயோவாவில் ஒரு சாட்சி உண்டு. 1943இல், போர்க்காலத் தட்டுப்பாட்டின் நடுவே, அயோவா மாநிலக் கல்லூரியின் இளம் பொருளியலாளர் ஓஸ்வால்ட் பிரவுன்லீ ஒரு சிறு வெளியீடு எழுதினார்: மார்ஜரின் ஊட்டத்தில் வெண்ணெய்க்கு இணையானது, அதைத் தடுக்கும் சட்டங்கள் நாட்டுக்கு நட்டம். பால் தொழில் கொதித்தெழுந்தது. கல்லூரி வெளியீட்டைத் திரும்பப் பெற்றுத் திருத்தி வெளியிட்டது. துறைத் தலைவர் தியடோர் ஷுல்ட்ஸ் வேலையை உதறிவிட்டுச் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1979இல் நோபல் பரிசு அவரைத் தேடிச் சிகாகோவுக்கு வந்தது. வேடிக்கை வரலாறுகளில் கார் டிக்கிக் கதை நூறு முறை வரும், இந்தக் கதை அரிதாகவே வரும்.

மூன்றாவது மறுப்பைத்தான் நான் மதிக்கிறேன். பண்ணையாளரும் ஏழைதானே? கோதுமை கைவிட்டபின் கடன் வாங்கி மாடு பிடித்தவரைக் காக்க அரசு கைகொடுத்தது தவறா? தவறில்லை. ஆனால் அவரை உண்மையில் தூக்கி நிறுத்தியது எது என்று பார்க்க வேண்டும். 1890இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஸ்டீஃபன் பாப்காக், பாலில் எவ்வளவு வெண்ணெய்க் கொழுப்பு இருக்கிறது என்பதைச் சில நிமிடத்தில் அளக்கும் எளிய சோதனையைக் கண்டுபிடித்தார். அதற்குக் காப்புரிமை எடுத்துக்கொள்ளவும் இல்லை. தண்ணீர் கலந்தவனும் கலக்காதவனும் ஒரே விலை பெற்ற நிலை அதோடு போயிற்று. எந்த மாடு சோற்றுக்குக் கேடு என்பதும் தெரிந்துபோயிற்று. அந்தச் சோதனையும், பல்கலைக்கழகத்தின் பால் தொழில் பயிற்சிகளும், சீஸ் தரக் கட்டுப்பாடும் சேர்ந்துதான் அந்த மாநிலத்தை முன்னுக்குக் கொண்டுவந்தன. நிறத்தடை விஸ்கான்சினின் சொந்தக் கடைகளுக்கு மட்டுமே பொருந்தியது. அந்த வெண்ணெயும் சீஸும் போய்ச் சேர்ந்த மற்ற மாநிலச் சந்தைகளில் அதற்கு எந்தச் செல்வாக்கும் கிடையாது. பண்ணைக்குக் கிடைத்தது சிறிது. நகரத்து ஏழை இழந்தது தினமும். இந்தக் கணக்கை யாரும் போட்டுப் பார்க்கவில்லை என்று நினைக்க வேண்டாம். 1935இல், பெருமந்தத்தின் நடுவே, உணவகங்களில் ஒவ்வொரு சாப்பாட்டோடும் குறைந்தது மூன்றில் இரண்டு அவுன்ஸ் விஸ்கான்சின் வெண்ணெயும் அதே அளவு சீஸும் பரிமாறியே ஆக வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தது. கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் வெண்ணெய். 1937இல் அது போய்விட்டது. உணவகக்காரர்களுக்குச் சங்கம் இருந்தது, குரல் இருந்தது. பவுண்டு மார்ஜரின் வாங்கிப் பிசைந்தவர்களுக்கு அது இல்லை.

பிறகு ஏன் 1967இல் விழுந்தது? பொதுவாகச் சொல்லப்படும் காரணம் கார்டன் ரோஸ்லைப். டார்லிங்டன் ஊரைச் சேர்ந்த மாநில செனட்டர், வெண்ணெய்க்காக அவையில் முழங்கியவர். 1965இல் கண்ணைக் கட்டிக்கொண்டு ருசி பார்த்து, எது வெண்ணெய் எனச் சொல்லுமாறு சவால் விட்டார்கள். அவர் மார்ஜரினை வெண்ணெய் என்று சொல்லிவிட்டார். அவர் இறந்த பிறகு குடும்பத்தார் உண்மையைச் சொன்னார்கள்: இதயத்துக்கு நல்லது என்று நம்பி அவர் மனைவி நெடுநாளாக வெண்ணெய் என்று சொல்லி மார்ஜரினைத்தான் பரிமாறி வந்திருக்கிறார். அருமையான கதை, ஆனால் ஒரு செனட்டரின் நாக்கு பிசகியதால் எழுபது ஆண்டுச் சட்டம் சரியாது. அடியில் இரண்டு மாற்றங்கள் நடந்திருந்தன. முதலாவது எண்ணெயில். மாட்டுக்கொழுப்பிலிருந்து தேங்காய் எண்ணெய்க்கு மாறியிருந்த மார்ஜரின், 1934இல் பிலிப்பைன்ஸ் தேங்காய் எண்ணெய்க்கு வரி விழுந்ததும் பருத்திவிதை எண்ணெய்க்கும் சோயா எண்ணெய்க்கும் திரும்பியது. அதுவரை பால்காரர்களின் பக்கம் நின்ற உழவர்களில் ஒரு பகுதியினர் எதிர்ப்பக்கம் போனார்கள். தெற்கில் பருத்தி, மத்திய மேற்கிலேயே சோயா. இவர்களுக்கு மார்ஜரின் எதிரியன்று, வாடிக்கையாளர். 1950இல் கூட்டாட்சி வரி நீங்கியதற்கு இது பெரிய காரணம். விஸ்கான்சினுக்குள் நடந்தது வேறு. பழைய தொகுதி வரையறையால் கிராமத்து வாக்குக்கு நகரத்து வாக்கைவிட எடை அதிகமாக இருந்தது. 1964இல் மாநில உச்ச நீதிமன்றம் மக்கள்தொகைப்படி தொகுதிகளைத் தானே வகுத்துக் கொடுத்தது. மூன்று ஆண்டில் மஞ்சள் தடை போயிற்று. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு என்று அடித்துச் சொல்ல முடியாவிட்டாலும், பிசைந்த கைகளின் வாக்குக்கு எடை கூடியதும் சட்டம் இளகியது என்ற வரிசை, ருசிப் போட்டியைவிட எனக்கு நம்பும்படியாக இருக்கிறது. எல்லை தாண்டிப் போன கார்களும் தங்கள் பங்கைச் செய்தன. மாநிலம் இழந்த விற்பனை கண்ணெதிரே ஓடியது.

தடை போனபோதும் எல்லாம் போய்விடவில்லை. விஸ்கான்சின் சட்டப் புத்தகத்தின் 97.18ஆம் பிரிவு இன்னும் இருக்கிறது. வாடிக்கையாளர் கேட்காமல் உணவகம் வெண்ணெய்க்குப் பதில் நிறமேற்றிய மார்ஜரினை மேசைக்குக் கொண்டுவரக் கூடாது. அரசு நிறுவனங்களில் மாணவர்க்கும் நோயாளிக்கும் கைதிக்கும், மருத்துவர் சொன்னாலன்றி, வெண்ணெய்க்கு மாற்றாக மார்ஜரினைக் கொடுக்கக் கூடாது. முதல் குற்றத்துக்கு 100 முதல் 500 டாலர் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை. மீண்டும் செய்தால் 1,000 டாலர் வரை, சிறையென்றால் ஓராண்டு வரை. இதை நீக்க 2011இல் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள், நிறைவேறவில்லை. இத்தனைக்கும் இன்று அந்த மாநிலத்துப் பாலில் பத்தில் ஒன்பது பங்கு போவது சீஸுக்கு.